நூல் தென்படாத காப்பர் டி: கருப்பைக்கு வெளியே கிடைத்த ஒரு கருத்தடைச் சாதனம் பற்றிய நிகழ்வு ஆய்வு

காப்பர் டி பொருத்திக்கொண்ட ஒரு பெண் கருவுற்றுவிட்டால், சாதனம் தோற்றுப்போனது என்ற முடிவுக்கு அவரும் குடும்பத்தாரும் வந்துவிடுகிறார்கள். சில வேளைகளில் மருத்துவரும் அதையே குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். அந்த முடிவு எப்போதும் சரியாக இருப்பதில்லை. சாதனம் தன் வேலையைச் செய்யத் தவறியதா, அல்லது இருக்க வேண்டிய இடத்திலேயே அது இல்லாமல் போனதா என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும். இரண்டுக்கும் காரணங்கள் வேறு. அடுத்துச் செய்ய வேண்டியவையும் வேறு. கீழே விவரிக்கப்படும் நிகழ்வு அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது. இதில் வரும் பெண் தனியொரு நோயாளி அல்லர். மகப்பேறு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு சூழலைக் கற்பித்தலுக்காக ஒரே வரலாறாகக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. ஆய்வுரைப் பகுதியில் வரும் எண்கள் வெளியிடப்பட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

நோயாளியின் வரலாறு

27 வயதான இவருக்கு முதல் குழந்தை சுகப்பிரசவத்தில் பிறந்தது. கருப்பையில் முன்பு எந்த அறுவை சிகிச்சையும் நடந்ததில்லை. இடுப்புக்குழித் தொற்று, இரத்தசோகை, மாதவிடாயில் மிகையான உதிரப்போக்கு ஆகிய எதுவும் இருந்ததில்லை. அடுத்த குழந்தைக்கு மூன்று ஆண்டுகளாவது இடைவெளி வேண்டும் என்பதாலும், பாலூட்டும் காலத்தில் ஹார்மோன் கலந்த எதையும் எடுத்துக்கொள்ள விரும்பாததாலும் அவர் காப்பர் டியைத் தேர்ந்தெடுத்தார். குழந்தைக்கு 9 வாரம் ஆனபோது, தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த நிலையில், மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே காப்பர் டி 380ஏ பொருத்தப்பட்டது.

பொருத்தும்போது கூர்மையான வலி ஏற்பட்டதாகவும், அடிவயிற்றில் மந்தமான வலி இரண்டு நாள் நீடித்துத் தானே அடங்கியதாகவும் அவர் பின்னர் கூறினார். அன்றைய குறிப்பில் சாதனத்தின் வகையும் தேதியும் மட்டும் இருந்தன. கருப்பை முன்புறம் சாய்ந்திருந்ததா, பின்புறம் சாய்ந்திருந்ததா, அதன் உள்ளாழம் எத்தனை சென்டிமீட்டர், சாதனத்தின் அடிமுனையிலிருந்து கருப்பை வாய் வழியாக வெளியே தொங்கும் நூல் எவ்வளவு நீளத்தில் வெட்டப்பட்டது என்ற விவரங்கள் எதுவும் பதிவாகவில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது கருப்பை வாயில் நூல் தென்படவில்லை. 'நூல் உள்ளே சுருண்டிருக்கலாம், சாதனம் இருக்கிறது' என்று எழுதப்பட்டது, ஸ்கேன் எடுக்கப்படவில்லை. தமக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அவர் வீடு திரும்பினார். குழந்தை பிறந்த ஒன்பதாவது மாதத்தில் மாதவிடாய் திரும்பியது. அதன் அளவிலும் நாட்களிலும் பழைய மாதவிடாய்க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. காப்பர் டி கருப்பைக்குள் இருக்கும்போது உதிரப்போக்கு ஓரளவு கூடுவதே வழக்கம் என்பதால், அந்த மாற்றமின்மை ஒரு தடயமாக இருந்திருக்கலாம். ஆனால் கூடாத உதிரப்போக்கைப் பற்றி எந்தப் பெண்ணும் முறையிட வருவதில்லை.

குழந்தைக்கு 14 மாதம் ஆகியிருந்தபோது, கடைசி மாதவிடாய் தொடங்கி ஏழு வாரமான நிலையில், குமட்டலோடு வந்தார். வயிற்றுவலியோ உதிரப்போக்கோ காய்ச்சலோ இல்லை.

பரிசோதனையும் கண்டறிதலும்

சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை கர்ப்பத்தை உறுதிசெய்தது. யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்த்தபோது நூல் தென்படவில்லை. காப்பர் டி பொருத்தியதாக வரலாறு உள்ள பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதியானால், அது கருப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் இருக்கிறதா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய ஐயம். யோனிவழி ஸ்கேனில் கருப்பைக்குள் கருவைச் சூழ்ந்த ஒற்றை நீர்ப்பையும் இதயத்துடிப்புள்ள ஏழு வாரக் கருவும் காணப்பட்டன. கருக்குழாய்ப் பகுதிகளில் கட்டியோ, இடுப்புக்குழியில் திரவமோ இல்லை. காப்பர் டி கருப்பையின் உட்குழியிலும் இல்லை, தசைச்சுவரில் புதைந்தும் இல்லை.

ஆக, எஞ்சியவை இரண்டு வாய்ப்புகள். ஒன்று, சாதனம் அவர் அறியாமலே வெளியேறியிருக்க வேண்டும். மற்றொன்று, கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றறைக்குள் சென்றிருக்க வேண்டும். வயிற்றறைக்குள் குடலின் காற்றுக்கிடையே கிடக்கும் காப்பர் டியை ஸ்கேன் பெரும்பாலும் காட்டுவதில்லை. சாதனத்தின் பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதாலும் அதன்மீது செம்பு இருப்பதாலும் சாதாரண எக்ஸ்ரே அதைத் தெளிவாகக் காட்டிவிடும். அடிவயிற்று எக்ஸ்ரே ஒன்றில் கரு பெறும் கதிர்வீச்சு சுமார் 0.1 முதல் 3 மில்லிகிரே வரைதான். கருவுக்குத் தீங்கு ஏற்படக்கூடும் எனக் கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. எனவே எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் அது தவறாகியிராது. ஆயினும் அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. படத்தின் முடிவு எதுவாயினும் அப்போதைய சிகிச்சை மாறப்போவதில்லை. இந்தக் காரணத்தால் எக்ஸ்ரே பிரசவத்துக்குப் பிறகு எடுக்கப்படும் என்று அவரோடு பேசி முடிவெடுக்கப்பட்டது. வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் அந்த முடிவு உடனே கைவிடப்பட வேண்டும் என்பதும் குறிப்பில் எழுதப்பட்டது.

கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதில் முடிவு அவருடையது. தொடர்வதும், கலைப்பதும், இரண்டிலும் உள்ள இடர்களும் அவருக்கு விளக்கப்பட்டன. சாதனம் கருப்பைக்குள் கர்ப்பத்தோடு சேர்ந்து இருந்திருந்தால் பேச்சு வேறு விதமாக அமைந்திருக்கும். அந்நிலையில் சாதனத்தை அப்படியே விட்டால் ஏறத்தாழ பாதிக் கர்ப்பங்கள் கலைந்துவிடுகின்றன. தொற்றோடு கூடிய கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. நூல் கைக்கெட்டினால் தொடக்கத்திலேயே சாதனத்தை எடுத்துவிடுவது அந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். இங்கே கருப்பைக்குள் சாதனம் இல்லாததால் அத்தகைய கவலை எழவில்லை. அவர் கர்ப்பத்தைத் தொடர முடிவுசெய்தார்.

சிகிச்சை

கர்ப்பகாலம் சிக்கலின்றிக் கடந்தது. 39ஆவது வாரத்தில் சுகப்பிரசவம் ஆயிற்று. பிரசவத்துக்குப் பின் வயிறும் இடுப்பும் முழுமையாகத் தெரியும்படி எடுத்த எக்ஸ்ரேயில், இடுப்புக்குழியின் இடப்பக்க மேல்விளிம்பில் டி வடிவ நிழல் தெளிவாகத் தெரிந்தது. பக்கவாட்டுப் படம் அது கருப்பைக்கு வெளியே இருப்பதை உறுதிசெய்தது.

வயிற்றறைக்குள் சென்ற காப்பர் டி தொந்தரவு தராவிட்டாலும் அகற்றப்பட வேண்டியது என்பதே பொதுவான மருத்துவ நிலைப்பாடு. செம்பு வயிற்றறைச் சவ்வில் அழற்சியைத் தூண்டி ஒட்டுதல்களை உண்டாக்குகிறது. சாதனம் இடம் நகர்ந்து குடலையோ சிறுநீர்ப்பையையோ துளைத்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. எட்டு வாரம் கழித்து, வயிற்றில் சிறு துளைகளிட்டுக் குழாய்க் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வு காப்பர் டியை முழுவதும் சுற்றி மூடியிருந்தது. டி வடிவச் சாதனத்தின் ஒரு கை பெருங்குடலின் வெளிப்புறத்தோடு மெல்லிய ஒட்டுதலால் இணைந்திருந்தது. குடற்சுவருக்குள் அது ஊடுருவவில்லை. ஒட்டுதல் பிரிக்கப்பட்டு, சாதனம் நூலோடு உடையாமல் முழுதாக எடுக்கப்பட்டது. கருப்பையின் பின்சுவரில் சிறிய வெண்ணிறத் தழும்பு ஒன்று காணப்பட்டது. சாதனம் வெளியேறிய வழி அதுவாகவே இருக்க வேண்டும். மறுநாள் அவர் வீடு திரும்பினார்.

ஆய்வுரை

பின்சுவரில் இருந்த தழும்பு நடந்ததை ஓரளவு சொல்லிவிடுகிறது. முன்புறம் வளைந்திருக்கும் கருப்பைக்குள், அந்த வளைவை அறியாமல் கருவியை நேராகச் செலுத்தினால் அது பின்சுவரில் முட்டும். பின்புறம் வளைந்திருந்தால் முன்சுவரில் முட்டும். இதனால்தான் பொருத்துவதற்கு முன் இரு கைகளாலும் கருப்பையின் சாய்வை அறிவதும், கருப்பை வாயைப் பற்றி மெல்ல இழுத்து அந்த வளைவை நேராக்குவதும், அளவுக்கோலால் உள்ளாழத்தைப் பார்ப்பதும் பயிற்சியில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுகின்றன. காப்பர் டி 380ஏ உள்ளே தள்ளிப் பொருத்தப்படும் சாதனம் அன்று. குழாய் கருப்பையின் மேல்முனைக்கு அருகில் சென்றதும் உள்ளிருக்கும் தண்டு அசையாமல் பிடிக்கப்பட்டு, குழாய் பின்னோக்கி இழுக்கப்படும். அப்போது மடிந்திருந்த கைகள் தாமாக விரியும். தண்டை முன்னோக்கித் தள்ளுவதே துளைத்தலுக்கு வழிவகுக்கும் தவறு. சாதனத்தின் அடிமுனையில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு குமிழ் இருப்பதும், கருப்பை வாய்ப் பகுதியைத் தண்டு துளைக்காமல் இருப்பதற்காகவே.

கைத்திறனைத் தாண்டிய காரணமும் உண்டு. ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 61,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த யூராஸ் ஆய்வில், காப்பர் சாதனம் பொருத்திய ஆயிரம் பேரில் சுமார் 1.1 பேருக்கும், ஹார்மோன் சாதனம் பொருத்திய ஆயிரம் பேரில் 1.4 பேருக்கும் துளைத்தல் நிகழ்ந்தது. பாலூட்டும் காலத்தில் பொருத்தப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு கூடுதலாக இருந்தது. பாலூட்டிக்கொண்டும், பிரசவமாகி 36 வாரங்களுக்குள்ளும் இருந்த பெண்களிடையே அது ஆயிரத்துக்கு 5.6 ஆக இருந்தது; இரண்டும் இல்லாத பெண்களிடையே ஆயிரத்துக்கு 0.7 மட்டுமே. பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து கருப்பைச் சுவர் மெலிந்தும் மென்மையாகவும் இருப்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. நம் நோயாளி அந்த அதிக ஆபத்துக் குழுவின் நடுவில் நின்றவர்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில் மருத்துவர்களிடையேகூடத் தடுமாற்றம் உண்டு. 'ஆறு மடங்கு' என்று மட்டும் சொன்னால் கேட்பவர் அஞ்சுவார். 'ஆயிரத்தில் 994 பேருக்கு மேல் ஒன்றும் ஆகாது' என்று மட்டும் சொன்னால் அவர் வலியையும் காணாமற்போன நூலையும் பொருட்படுத்தமாட்டார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை, பிரசவமாகி நான்கு வாரம் கடந்த பெண்ணுக்கு, பாலூட்டினாலும் இல்லாவிட்டாலும், காப்பர் சாதனத்தை எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லாத முதல் வகையில் வைத்திருக்கிறது. யூராஸ் ஆய்வில் பதிவான துளைத்தல்கள் எவையும் குடலுக்கோ பிற உறுப்புகளுக்கோ காயம் ஏற்படுத்தவில்லை. ஆகவே இந்தப் பெண்ணுக்கு 9ஆவது வாரத்தில் பொருத்தியது தவறான முடிவு என்று நான் கருதவில்லை. ஆபத்து கூடுதலான ஒருவருக்குப் பொருத்திவிட்டு, அதற்கேற்ற கூடுதல் கவனத்தோடு பின்தொடராததே பிழை.

இனி, இந்தக் கர்ப்பம் காப்பர் டியின் தோல்வியா என்ற கேள்வி. செம்பு கருத்தடையில் என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும். 1960களின் பிற்பகுதியில் ஹோவர்ட் டேட்டம் டி வடிவச் சட்டத்தை உருவாக்கினார். கருப்பையின் வடிவத்துக்கு அது பொருந்தியதால் வலியும் வெளியேறுதலும் குறைந்தன. ஆனால் வெறும் பிளாஸ்டிக் டி வைத்த பெண்களில் ஓராண்டில் நூற்றுக்கு 18 பேர் வரை கருவுற்றனர். செம்பு கருவுறுதலைத் தடுப்பதைச் சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் முயல்களில் கண்டறிந்திருந்தார். அந்தச் சட்டத்தில் 30 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்பைச் சுற்றியதும் எண்ணிக்கை 5ஆக இறங்கியது. 200 சதுர மில்லிமீட்டர் ஆக்கியபோது ஏறத்தாழ ஒன்றுக்கு வந்தது. இன்றைய 380ஏயில் தண்டைச் சுற்றிய கம்பியும், இரு கைகளிலும் உள்ள செம்புக் குழல்களும் சேர்ந்து 380 சதுர மில்லிமீட்டர் பரப்பைத் தருகின்றன. கைகளிலும் செம்பு இருப்பதால் அது கருப்பையின் மேல்முனைக்கு அருகில், கருக்குழாய்களின் வாயிலில் அயனிகளை வெளியிடுகிறது. அந்த அயனிகள் கருப்பைத் திரவத்தில் கரைந்து விந்தணுக்களின் நகர்வையும் உயிர்ப்பையும் கெடுக்கின்றன. சாதனம் தூண்டும் கிருமியற்ற அழற்சியும் அதற்குத் துணைபோகிறது. முக்கியமாகக் கருவுறுதலே தடுக்கப்படுகிறது. உருவான கருவைக் கலைப்பதுதான் காப்பர் டியின் வேலை என்ற பரவலான எண்ணம் ஆய்வுகளோடு ஒத்துப்போகவில்லை.

இதிலிருந்து விளங்குவது, செம்பு கருப்பைக்குள் இருந்தால்தான் பயன் என்பது. வயிற்றறையில் கொழுப்புச் சவ்வுக்குள் பொதிந்து கிடக்கும் செம்பு விந்தணுவை எதுவும் செய்யாது. அப்படியானால் இந்தப் பெண் குழந்தை பெற்ற முதல் மாதங்களில் ஏன் கருவுறவில்லை? தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல், பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் இருக்கும் பெண்ணுக்குப் பாலூட்டலே 98 சதவீதத்துக்கு மேல் கருத்தடையாக அமைகிறது. அவரைக் காத்தது அதுதான். பாராட்டு மட்டும் வயிற்றறையில் கிடந்த சாதனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாலூட்டலின் பாதுகாப்பு நீங்கி மாதவிடாய் திரும்பிய சில மாதங்களிலேயே அவர் கருவுற்றார்.

உடலியல் நோக்கில் இது செம்பின் தோல்வி அன்று. ஆனால் முறையின் தோல்விதான் என்று ஒருவர் வாதிட்டால் அதை மறுப்பதற்கில்லை. ஏனெனில் ஒரு பெண் தேர்ந்தெடுப்பது செம்புக் கம்பியை மட்டும் அன்று. பொருத்துதல், இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தல் எல்லாம் சேர்ந்த ஒரு சேவையையே அவர் தேர்ந்தெடுக்கிறார். நடைமுறைப் பயன்பாட்டில் முதல் ஆண்டில் நூற்றுக்கு 0.8 பேரும், பிழையற்ற பயன்பாட்டில் 0.6 பேரும் காப்பர் டியோடு கருவுறுகிறார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. மாத்திரைக்கு நடைமுறையில் அது சுமார் 7, ஆணுறைக்குச் சுமார் 13. மாத்திரையில் நடைமுறைக்கும் பிழையற்ற பயன்பாட்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. காப்பர் டியில் அது மிகச் சிறிது. பொருத்திய பின் பயன்படுத்துபவர் நாள்தோறும் நினைவில் வைக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 12 ஆண்டுகள் நடந்த ஆய்வில் 380ஏயின் மொத்தக் கர்ப்ப விகிதம் நூற்றுக்கு 2.2. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையின் பத்தாண்டுத் தோல்வி ஆயிரத்துக்கு 18.5, அதாவது நூற்றுக்கு 1.85 ஆக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய ஒரு சாதனம் நிரந்தர அறுவை சிகிச்சையை நெருங்கி நிற்கிறது என்பது சாதாரணச் செய்தியன்று.

கருப்பைக்கு வெளியே உண்டாகும் கர்ப்பம் குறித்தும் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். காப்பர் டி வைத்திருக்கும் பெண்ணுக்கு அத்தகைய கர்ப்பம் ஏற்படும் வாய்ப்பு, எந்தக் கருத்தடையும் செய்யாத பெண்ணைவிடக் குறைவு. மொத்தக் கர்ப்பங்களே குறைந்துவிடுவதே காரணம். ஆனால் அரிதாகக் கர்ப்பம் ஏற்பட்டுவிட்டால் அது கருப்பைக்கு வெளியே இருக்கும் பங்கு அதிகம். யூராஸ் ஆய்வில் காப்பர் சாதனத்தோடு ஏற்பட்ட கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் அப்படிப்பட்டவை. நம் நோயாளிக்கு ஸ்கேன் அன்றே செய்யப்பட்டதற்குக் காரணம் இதுவே. வலி இல்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போட்டிருக்க முடியாது.

தொற்றைப் பற்றிய அச்சம் காப்பர் டியைவிடப் பழையது. 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து 1974இல் நிறுத்தப்பட்ட டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தின் வால்நூல், உறைக்குள் அடைத்த பல இழைகளால் ஆனது. அந்த இழைகளின் இடைவெளி வழியாகக் கிருமிகள் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலேறின. கருவுற்ற பெண்களுக்குத் தொற்றோடு கூடிய கருச்சிதைவுகளும் மரணங்களும் நேர்ந்தன. அதன் நிழல் எல்லாக் கருப்பைச் சாதனங்கள்மீதும் விழுந்தது. 1984இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காப்பர் டி 380ஏ 1988இல்தான் அங்கே விற்பனைக்கு வந்தது. காப்பர் டியின் நூல் ஒற்றை இழை என்பதால் அத்தகைய வழி அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் பதிவான 22,908 பொருத்துதல்களை 1992இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்புக்குழி அழற்சி பொருத்திய முதல் 20 நாட்களில் ஆயிரம் பெண்-ஆண்டுகளுக்கு (ஆயிரம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்துவதற்குச் சமமான அளவு) 9.7 ஆகவும், அதன்பின் 1.4 ஆகவும் இருந்தது. அதாவது ஆபத்து பெரும்பாலும் பொருத்தும் செயலோடும், அப்போதே இருக்கும் பாலியல் தொற்றோடும் பிணைந்தது. உள்ளே இருக்கும் சாதனத்தோடு அன்று. மலட்டுத்தன்மை வரும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. 2001இல் வெளியான மெக்சிகோ நகர ஆய்வில், குழந்தை பெற்றிராத பெண்களின் கருக்குழாய் அடைப்புக்கும் முந்தைய காப்பர் சாதனப் பயன்பாட்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. கிளமிடியா என்ற பாலியல் தொற்றின் தடயத்தோடு தொடர்பு இருந்தது.

பெண்கள் காப்பர் டியை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணமாவது இவற்றில் எதுவும் அன்று, உதிரப்போக்கும் வலியும்தான். முதல் மாதங்களில் இவை கூடி, பலருக்குப் பின்னர் தணிகின்றன. அழற்சி தணிக்கும் வலி மாத்திரைகளும் டிரானெக்சாமிக் அமிலமும் மிகைப் போக்கைக் குறைக்கும். ஏற்கெனவே மாதவிடாய் மிகுந்து இரத்தசோகையுள்ள பெண்ணுக்கு வேறு முறையைப் பரிந்துரைப்பது நல்லது என்பதைத் தவிர, நம் நிகழ்வில் இது குறித்து மேலும் பேச இடமில்லை.

நூல் தென்படாதபோது செய்ய வேண்டியவை

இந்த நிகழ்வில் திருத்தியிருக்கக்கூடிய தருணம் ஆறாவது வார மறுபரிசோதனை. அன்று நூல் தென்படாததற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம்: நூல் கருப்பை வாய்க்குள்ளோ கருப்பைக்குள்ளோ ஏறிச் சுருண்டிருக்கலாம், சாதனம் வெளியே விழுந்திருக்கலாம், அல்லது துளைத்துச் சென்றிருக்கலாம். முதலாவதே மிகவும் பொதுவானது என்பது உண்மை. அதை ஊகமாக எழுதலாமே தவிர, சரிபார்க்காமல் முடிவாக எழுதக்கூடாது. வெளியேறுதலும் அரிதன்று, பிரசவமாகி நான்கு வாரத்துக்குப் பின் பொருத்தியவர்களில் சுமார் 1.8 சதவீதத்தினருக்கும், பிரசவம் ஆனவுடனே பத்து நிமிடத்துக்குள் பொருத்தியவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கும் சாதனம் வெளியேறியதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டுகிறது.

செய்ய வேண்டிய வரிசை எளியது. முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அடுத்து, கருப்பை வாயின் உட்பகுதியில் மெல்லிய தூரிகையைச் சுழற்றி நூலை வெளிக்கொணர முயலலாம்; பல நேரங்களில் இதிலேயே ஐயம் தீர்ந்துவிடும். நூல் கிடைக்காவிட்டால் ஸ்கேன். ஸ்கேனில் சாதனம் கருப்பைக்குள் சரியான இடத்தில் இருந்தால் நூல் தெரியாதது ஒரு குறையே அன்று, அப்படியே தொடரலாம். கருப்பைக்குள் இல்லையென்றால் வயிறும் இடுப்பும் முழுமையாகத் தெரியும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எக்ஸ்ரேயிலும் இல்லை என்ற பிறகே 'வெளியேறிவிட்டது' என்று எழுத இயலும். சாதனம் இருக்கும் இடம் உறுதியாகும் வரை ஆணுறை போன்ற வேறொரு பாதுகாப்பைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால்கூட இந்தத் திட்டமிடாத கர்ப்பம் நேர்ந்திராது.

பொருத்தும் நாளில் எழுதும் குறிப்பும் இதற்கு உதவும். கருப்பையின் சாய்வு, உள்ளாழம், வெட்டிய நூலின் நீளம், பொருத்தும்போது ஏற்பட்ட வலியின் தன்மை ஆகிய நான்கும் எழுதப்பட்டிருந்தால், ஆறு வாரம் கழித்துப் பார்ப்பவர் வேறொருவராக இருந்தாலும் ஐயப்பட இடம் கிடைக்கும். பாலூட்டும் தாய், கூர்மையான வலி, நூல் காணவில்லை என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்திருந்தால் துளைத்தலை நினையாமல் கடந்துபோவது கடினம். ஆனால் துளைத்தல் எல்லா நேரமும் வலியோடு நிகழ்வதில்லை. பொருத்திய நாளில் எதுவும் தெரியாமல் பின்னரே வெளிப்படுவனவும் உண்டு. ஆகவே வலி இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

அடுத்த கருத்தடை

லேப்ராஸ்கோப்பிக்கு முன்பே அடுத்த கருத்தடை குறித்து அவரோடு பேசப்பட்டது. ஆறிவிட்ட பழைய துளை, மீண்டும் காப்பர் டி பொருத்துவதற்குத் தடையாகக் கருதப்படுவதில்லை. பொருத்துவதாயின் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பொருத்தலாம் என்றும் விளக்கப்பட்டது. முன்பு நடந்தது ஏன் நடந்தது என்பதை அவர் முழுமையாகப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பின்னும் வேண்டாம் என்றார். இத்தகைய மறுப்பை அறியாமை என்று குறிப்பெழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஆயிரத்தில் ஐந்தாறு பேருக்கு நேர்வது தமக்கு நேர்ந்த பிறகு, அடுத்த முறை அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்று கேட்டு ஒருவர் மனம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹார்மோன் வேண்டாம் என்ற பழைய விருப்பத்தை அவர் தாமே மறுபரிசீலனை செய்தார். புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள முறைகள் தாய்ப்பாலின் அளவைக் குறைப்பதில்லை என்பதும், அவற்றால் மாதவிடாய் ஒழுங்கு தவறக்கூடும் என்பதும் எடுத்துச் சொல்லப்பட்டன. மேற்கையின் தோலடியில் பொருத்தும் ஹார்மோன் குச்சியை அவர் தேர்ந்தெடுத்தார். லேப்ராஸ்கோப்பி செய்த அன்றே, அதே மயக்கத்தில், அது பொருத்தப்பட்டது. வீடு திரும்பும்போது அவரிடம் கொடுத்த அட்டையில் துளைத்தல் நிகழ்ந்த தேதி, கருப்பைச் சுவரில் அதன் இடம், சாதனம் முழுமையாக அகற்றப்பட்டது என்ற தகவல் ஆகியவற்றோடு, பிற்காலத்தில் அவர் விரும்பினால் காப்பர் டி பொருத்த மருத்துவத் தடை இல்லை என்பதும் எழுதப்பட்டிருந்தது.